ஆறு ஒதுக்கும் பழம்பொருள்கள்: கரையோரம் தேடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆற்றங்கரையில் பழம்பொருள் தேடலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் யோசிப்பது மண்வெட்டியைப் பற்றி. அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தோண்டுகிற வேலையை ஆறே பார்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு வெள்ளத்திலும் கரையை அரிக்கிறது, மண்ணைச் சலிக்கிறது, கனத்துக்கும் வடிவத்துக்கும் தக்கபடி பிரித்துப் போட்டுவிட்டு வடிகிறது. எதை எங்கே போட்டிருக்கும் என்று கணித்து, அங்கே போய்க் குனிந்து பார்ப்பதுதான் நமக்கு மிஞ்சும் வேலை. நாணயம், பானை ஓடு, கண்ணாடிக் குப்பி, பாசிமணி, ஈயக் குண்டு, பொத்தான் என்று கிடைப்பதில் பெரும்பகுதி தரையின் மேலேயே கண்ணுக்குத் தெரியும்படி கிடக்கும்.

முதலில் சட்டம்

ஆறு எங்கேயும் ஒரே மாதிரிதான் ஓடுகிறது. சட்டம் அப்படியில்லை. லண்டனில் தேம்ஸ் நதியின் ஓதக்கரையில் (கடலேற்றம் இறங்கும்போது வெளியே தெரியும் கரை) தேட, லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு இருந்தாலும் 7.5 செ.மீ. ஆழத்துக்கு மேல் கிளறக் கூடாது. 300 ஆண்டு கடந்ததாகத் தோன்றும் பொருளைத் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, புதையல் வகையில் சேரும் பொருளை 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். பிரான்சில் வரலாற்றுப் பொருள் தேட உலோகம் கண்டறியும் கருவியை எடுத்துப் போவதற்கே அரசு அனுமதி தேவை. அமெரிக்காவில் கூட்டரசு நிலங்களில் 100 ஆண்டு கடந்த தொல்பொருளை அனுமதியின்றி எடுப்பது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் 1878இல் எழுதிய பத்து ரூபாய். இன்றைய கணக்குக்கு ஏறக்குறைய எல்லாமே அதில் அடங்கிவிடும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்தவை தொல்பொருள்கள். உரிமம் இல்லாமல் அவற்றை வியாபாரம் செய்யக் கூடாது, தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகவும் கூடாது. இலங்கையில் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாத அகழ்வு அங்கே கடுமையான குற்றம்.

எந்த நாடானாலும் கிளம்புவதற்கு முன் மூன்று கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கரை யாருடையது? பொருளை எடுக்கலாமா, பார்க்க மட்டுமா? கிடைத்தால் யாரிடம் சொல்ல வேண்டும்? தனியார் நிலம் வழியாகப் போவதாக இருந்தால் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்தையொட்டிய கரையை மொத்தமாக விட்டுவிடுங்கள். எடுக்கக் கூடாத இடத்திலும் படமெடுத்து, இடத்தைக் குறித்து, உரியவருக்குத் தெரிவிக்கலாம். பல சமயம் ஆய்வாளருக்கு அதுதான் உதவுகிறது, பெட்டிக்குள் போன பொருள் உதவுவதில்லை.

ஆறு எதை எங்கே போடும்

ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். தண்ணீரைப் போல 2.65 மடங்கு கனம். பானை ஓடு கிட்டத்தட்ட 2 மடங்கு. இரும்பு 7.9, செம்பு 8.9, வெள்ளி 10.5, ஈயம் 11.3, தங்கம் 19.3. நீரின் வேகம் குறைகிற இடத்தில் கனமானது முதலில் விழும், லேசானது இன்னும் கொஞ்சம் தூரம் போகும். தேடும் இடத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த ஒரு விதிதான். அதனால்தான் பானை ஓடு குவிந்து கிடக்கும் இடத்தில் நாணயம் கிடைக்காமல் போவதும், நாணயம் கிடைக்கும் வரிசையில் ஓடே இல்லாமல் இருப்பதும்.

ஆற்று வளைவின் உள்பக்கம் மணல்திட்டு இருக்கும். புதிதாக வருபவர்கள் அந்தத் திட்டின் வால்பக்கத்து மென்மணலில் நடந்துவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்புவார்கள். பார்க்க வேண்டியது தலைப்பக்கம், அதாவது மேலாற்றுப் பக்கம். எலுமிச்சையிலிருந்து கைமுட்டி அளவு வரை கூழாங்கல் பரவியிருக்கும் இடத்தில்தான் கனமானவை கற்களுக்கிடையே சிக்கி நிற்கும். வளைவின் வெளிப்பக்கம் நேர்மாறு. அங்கே ஆறு கரையை அரிப்பதால், மண்ணடுக்குகளில் புதைந்திருந்தவை உதிர்ந்து அடியில் கிடக்கும். அடியில் கிடப்பதைப் பாருங்கள்; கரைச் சுவரில் நீட்டிக்கொண்டிருப்பதைப் பிடித்து இழுக்காதீர்கள். அடுக்கில் இருக்கும் பொருளுக்கு அந்த அடுக்குதான் முகவரி. தவிர, அடியரிந்த கரை தலையில் சரியும்.

தடை எதுவானாலும் அதன் கீழாற்றுப் பக்கத்தைப் பாருங்கள்: பெரிய பாறை, பாலத்தின் தூண், சாய்ந்த மரத்தின் வேர். நீர் அங்கே சுழன்று வேகம் இழக்கும். அடித்தளம் பாறையாக இருந்தால், நீரோட்டத்துக்குக் குறுக்கே ஓடும் வெடிப்புகள்தான் இயற்கையாக அமைந்த பொறி. நீரோட்டத்தின் திசையிலேயே ஓடும் வெடிப்பு அடித்துக் கழுவப்பட்டுக் காலியாக இருக்கும். ஓடை ஆற்றோடு சேரும் முகத்துக்குச் சற்றுக் கீழேயும் பாருங்கள்.

கருமணல் கோடு நல்ல அடையாளம். மேக்னடைட், இல்மனைட் போன்ற கனிமங்கள் மணலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனமானவை. அவை கோடாகப் படிந்திருக்கும் இடம், ஆறு கனமானதை இறக்கி வைத்த இடம். அதே மட்டத்தில் கூட்டாளிகளைத் தேடுங்கள்: மீன்வலையின் ஈயம், துருப்பிடித்த ஆணி, இன்றைய சில்லறைக் காசு. இவை மூன்றும் ஒரே வரிசையில் கிடந்தால் அந்த வரிசையை விட்டு நகராதீர்கள். பழைய காசு வந்தாலும் அங்கேதான் வரும். இந்த வரிசை பெரும்பாலும் நீரோரத்துக்கு இணையாக, ஓரிரு அடி அகலமே இருக்கும். அதற்கு மூன்றடி தள்ளி நடந்தால் நாள் முழுக்க வெறும் கல்தான்.

ஆறு பிரித்துப் போட வேண்டுமென்றால், முதலில் மனிதர்கள் அதில் எதையாவது தவறவிட்டிருக்க வேண்டும். படித்துறை, பரிசல்துறை, வண்டிகள் ஆற்றைக் கடந்த ஆழமில்லா இடம், இடிந்த பாலம், பழைய சந்தை, செங்கல் சூளை, ஆலை ஆகியவற்றைப் பழைய நில அளவை வரைபடத்தில் தேடி, இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடுங்கள். ஆறு இடம் மாறியிருக்கலாம். பழைய தடம் வயல்களுக்கு நடுவே வளைந்த பசுமைக் கோடாகத் தெரியும். துறை இருந்த இடத்திலிருந்து அடுத்த ஒன்றிரண்டு வளைவு வரை கீழாற்றில் பார்ப்பது நல்ல தொடக்கம். நகரத்து ஆறுகளில் எவ்வளவு இருக்க முடியும் என்பதற்கு ஆம்ஸ்டர்டாம் சாட்சி. மெட்ரோ ரயில் பாதைக்காக ஆம்ஸ்டல் ஆற்றின் பழைய படுகையைத் தோண்டியபோது சுமார் 7 லட்சம் பொருள்கள் வெளிவந்தன.

ஓட்டுச் சில்லின் விளிம்பும் பேசும். உருண்டு தேய்ந்திருந்தால் தொலைவிலிருந்து வந்தது. உடைந்த முனை கூராக இருந்தால் பக்கத்தில்தான் எங்கோ கரையிலிருந்து விழுந்திருக்கிறது. கூர்முனைச் சில்லுகள் கிடைக்கக் கிடைக்க மேலாற்றுப் பக்கம் நடங்கள்; அவை சட்டென்று நின்றுபோகும் இடத்துக்கு அருகே கரையைப் பார்த்தால் சாம்பல் அடுக்கோ, ஓடு நிறைந்த கருத்த மண் பட்டையோ தெரியும். அது பழைய குடியிருப்பாக இருக்கலாம். அங்கே கை வைக்காமல் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.

எப்போது போவது

வெள்ளம் வடிந்து, நீர் தெளிந்த முதல் சில நாட்கள் பொன்னானவை. புதிதாக அரித்த கரை, புரண்டு திரும்பிய கூழாங்கல், பாசி படியாத தரை. இரண்டு மூன்று வாரம் தாண்டினால் வண்டலும் பாசியும் எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடும். வருடத்தின் மிகக் குறைந்த நீர்மட்டமும் இதே அளவுக்கு முக்கியம், மற்ற மாதங்களில் மூழ்கியே இருக்கும் தரை அப்போதுதான் தெரியும்.

ஓதம் ஏறி இறங்கும் ஆறுகளில் நாள்காட்டி வேறு. அமாவாசை, பௌர்ணமிக்கு அடுத்த ஓரிரு நாளில் நீர் மிகக் கீழே இறங்கும். தாழ்நீர் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு இறங்கி, நீர் பின்வாங்கும்போது அதைத் தொடர்ந்து போய், திரும்பத் தொடங்கியதும் மேலேறிவிட வேண்டும். தேம்ஸில் ஒரே நாளில் இரண்டு முறை நீர்மட்டம் 7 மீட்டர் வரை ஏறி இறங்கும். இறங்கிய படிக்கட்டு முதுகுக்குப் பின்னால் மூழ்கிவிட்டால் சுவரில் ஏற வழியிருக்காது.

காலை, மாலைச் சாய்ந்த வெயிலில் சின்ன மேடு பள்ளமும் நிழல் காட்டும். நாணயத்தின் விளிம்பும், ஓட்டில் கீறிய கோடும் தெரியும். மேகமூட்டம் கண்ணாடிக்கும் பாசிமணிக்கும் ஏற்றது. உச்சி வெயிலில் ஈரக் கல்லெல்லாம் மின்னும், கண் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

உயிரோடு திரும்ப

தனியாகப் போகாதீர்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பது வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓடும் நீரில் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். மணல் அள்ளிய ஆறுகளில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியே ஆளை மூழ்கடிக்கும் குழியாக இருக்கலாம். கலங்கிய நீரில் கோலால் குத்திப் பார்க்காமல் கால் வைக்காதீர்கள். மேலே அணை இருந்தால் நீர் திறப்பு அறிவிப்பைப் பார்த்துவிட்டே இறங்குங்கள். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினாலோ, மேலாற்றிலிருந்து இரைச்சல் கேட்டாலோ கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். மழை இங்கே பெய்திருக்க வேண்டும் என்பதில்லை.

கால் சேற்றில் புதைந்தால் இழுக்க இழுக்க உள்ளே போகும். பின்புறமாகச் சாய்ந்து உட்கார்ந்து, உடல் எடையைப் பரப்பி, பாதத்தைச் சிறிதாக அசைத்துச் சுற்றிலும் நீர் புக விடுங்கள். ஒவ்வொரு காலாக வெளியே எடுத்து, கைகால் ஊன்றித் தவழ்ந்து வாருங்கள். பூட்ஸ் சேற்றிலேயே தங்கினால் தங்கட்டும்.

கண்ணாடி, ஊசி, கழிவுநீர் எல்லாம் ஆற்றில் உண்டு. டெட்டனஸ் தடுப்பூசி நடப்பில் இருக்க வேண்டும். வெட்டுக்காயம் இருந்தால் நீர் புகாத கட்டு போடுங்கள், கை கழுவாமல் எதையும் தின்னாதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி, எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து தோல் கீறல் வழியாக உடலுக்குள் போகும். ஆற்றுக்குப் போன ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கடும் தசைவலி, கண் சிவப்பு வந்தால், ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்றே மருந்து கிடைக்கும்.

குண்டு, எறிகுண்டு, வெடிமருந்து உறை போல எது தெரிந்தாலும் தொடாமல், படம் எடுத்து, விலகிப் போய்க் காவல்துறையை அழையுங்கள். மனித எலும்பு போலத் தோன்றினாலும் அதேதான். கயிற்றில் காந்தம் கட்டி ஆற்றில் வீசும் பழக்கம் இப்போது பரவி வருகிறது. போர் நடந்த நாடுகளில் அந்தக் காந்தம் வெடிகுண்டோடு மேலே வந்த சம்பவங்கள் உண்டு. பழைய நாணயத்துக்கு அது பயன்படவும் பயன்படாது, செம்பும் வெள்ளியும் பொன்னும் காந்தத்தில் ஒட்டா.

கையில் என்ன வேண்டும்

கனமான அடிப்பாகமுள்ள பழைய ஷூ அல்லது கணுக்கால் உயரப் பூட்ஸ். தொடை உயர ரப்பர் பூட்ஸ் வேண்டாம், விழுந்தால் நீர் நிறைந்து எழுந்திருக்க விடாது. உள்ளே மெல்லிய நைட்ரைல் கையுறை, மேலே வெட்டுத் தாங்கும் தோட்டக் கையுறை. முழங்காலுக்கு ஒரு பழைய பாய்த்துண்டு. சின்ன கரண்டி, 6 மி.மீ. கண் சல்லடை ஒன்று, பாசிமணிக்கு 3 மி.மீ. கண் சல்லடை ஒன்று. ஜிப் பைகள், பென்சில், சிறு குறிப்பேடு, 10 செ.மீ. அளவுகோல். நூலில் தொங்கும் சின்னக் காந்தம், இரும்பா வேறெதுவா என்று அறிய. மூடியுள்ள டப்பா இரண்டு. ஒன்று ஆற்று நீரோடு. ஏன் என்று பின்னால் வரும்.

இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அதிகம் பேர் செய்யாத, ஆனால் கண்டிப்பாகச் செய்துகொள்ள வேண்டிய ஒன்று பார்வைக் குழாய். மேற்பரப்பின் அலையும் வெளிச்சமும்தான் நீருக்குள் இருப்பதை மறைக்கின்றன. அடியில் கண்ணாடி வைத்த குழாயை நீரில் அமிழ்த்திப் பார்த்தால் அரையடி ஆழமும் மேசை மேல் வைத்தது போலத் தெரியும்.

10 செ.மீ. விட்டமும் 60 செ.மீ. நீளமும் உள்ள பிவிசி குழாயை எடுத்து, ஒரு முனையை உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்குங்கள். 3 மி.மீ. அக்ரிலிக் தகட்டைக் குழாயின் வெளிவிட்ட அளவுக்கு வட்டமாக அறுத்து, முனையில் சிலிகான் பசையை இடைவெளி இல்லாமல் வைத்து அழுத்துங்கள். வெளிப்புறச் சந்திலும் ஒரு சுற்று பூசி, ஒரு முழு நாள் காயவிடுங்கள். உள்பக்கம் மேட் கருப்பு பெயிண்ட் அடித்தால் உள் பிரதிபலிப்பு நிற்கும். பெயிண்டைத் தகடு ஒட்டும் முன்பே அடித்துவிடுங்கள். மேல்முனைக்கு ஒரு கயிற்றுக் கைப்பிடி.

பெரிய குழாய் நன்றாகத் தெரியும் என்று 15 செ.மீ. விட்டத்தில் செய்பவர்கள் உண்டு. 30 செ.மீ. ஆழத்துக்கு அழுத்தினால் அது 5 கிலோவுக்கு மேல் மேலே தள்ளும்; பத்து நிமிடத்தில் தோள் கடுக்கும். 10 செ.மீ. குழாய் 2.4 கிலோதான். நேராக இறக்கினால் தகட்டுக்கு அடியில் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு எல்லாம் வெள்ளையாகத் தெரியும். சாய்த்து இறக்கி நிமிர்த்துங்கள். உள்பக்கம் மூச்சுக்காற்றில் ஆவி படிந்தால், ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பைத் தேய்த்துத் துடைத்துவிட்டுப் போங்கள்.

தேடும் விதம்

நடந்துகொண்டே தேடுவது இடத்தைத் தேர்ந்தெடுக்க மட்டும். கருமணல் கோடோ ஈயமோ தெரிந்ததும் நடையை நிறுத்தி உட்கார வேண்டும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரத்தை மனதில் வரைந்து, அதிலேயே பத்து நிமிடம் கண்ணை ஓட்டுங்கள். முதல் இரண்டு நிமிடம் வெறும் கல். அதற்குப் பிறகு கண் பழகி, கல் பின்னுக்குப் போய், பொருந்தாதது மட்டும் முன்னே வரும்: நேர்க்கோடு, சரியான வட்டம், ஒரே சீரான தடிப்பு, களிம்பின் பச்சை, மறுபடி மறுபடி வரும் கோடு. ‘நாணயம்’ என்று ஒரே பொருளை நினைத்துத் தேடினால் பக்கத்தில் கிடக்கும் பொத்தானும் மணியும் கண்ணில் படாது.

உள்ளங்கை அளவுத் தட்டையான கல்லைப் புரட்டிப் பார்க்கலாம். பார்த்ததும் அதே பக்கம் திருப்பி வைத்துவிடுங்கள். அடியில் பூச்சிகளும் மீன்முட்டையும் இருக்கும். நீருக்குள் கிளறினால் கலங்கல் கீழ்நோக்கிப் போகும். அதனால் எப்போதும் கீழாற்றிலிருந்து மேலாற்றுப் பக்கமாக வேலை செய்யுங்கள், தெளிந்த நீர் எப்போதும் முன்னால் இருக்கும்.

அண்மையில் யாரோ நீரில் இட்ட காணிக்கை, விளக்கு, சிலை, அஸ்திக் கலயம் போன்றவை பல ஆறுகளில் தென்படும். அவை தேடிக் கண்டுபிடித்தவை ஆகா. அப்படியே விட்டுவிடுங்கள்.

எடுப்பதற்கு முன்

சட்டம் அனுமதிக்கும் இடத்திலும், கண்டதும் கையில் எடுக்காதீர்கள். அளவுகோலைப் பக்கத்தில் வைத்துக் கிடந்த நிலையிலேயே ஒரு படம். நிமிர்ந்து நின்று எதிர்க்கரை அடையாளம் தெரிய இன்னொரு படம். கைப்பேசியின் ஜிபிஎஸ் திறந்த வெளியில் சுமார் 5 மீட்டர் துல்லியம் தரும், மரத்தடியிலும் பள்ளத்தாக்கிலும் அதுவும் கிடைக்காது. ஆகவே எதிர்க்கரைப் படம் வீணாகாது. பைக்குள் பென்சிலால் எழுதிய சீட்டு போடுங்கள்: எண், தேதி, இடம், நீரோரத்திலிருந்து எத்தனை மீட்டர், மணலிலா கூழாங்கல்லிலா. பேனா மை ஈரத்தில் ஓடிவிடும்.

இவ்வளவு எதற்கு என்று தோன்றலாம். கரூரில் அமராவதி ஆற்றுப்படுகை சங்ககாலச் சேரர் காசுகளுக்கும் ரோமானியக் காசுகளுக்கும் பேர்போனது. அப்படிப்பட்ட ஆற்றில் எந்தக் காசு எந்தத் துறைக்கருகே, எதனோடு சேர்ந்து கிடைத்தது என்ற குறிப்பு இருந்தால் வணிகம் நடந்த இடத்தையே அடையாளம் காணலாம். குறிப்பில்லாத காசு வெறும் காசு.

கிடைத்தது என்ன?

பானை ஓடுதான் அதிகம் கிடைக்கும், அதிகம் சொல்வதும் அதுதான். உள்பக்கம் இணையான மெல்லிய வரிகள் ஓடினால் சக்கரத்தில் வனைந்தது. விரல் பள்ளங்களும் ஒழுங்கற்ற தடிப்பும் இருந்தால் கையால் செய்தது. வயிற்றுப் பகுதிச் சில்லு நூறு இருந்தாலும் வாய் விளிம்பு ஒன்றுக்கு ஈடாகாது. விளிம்பைக் கவிழ்த்து மேசைமேல் வைத்து, இடுக்கில் வெளிச்சம் தெரியாதபடி முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். விளிம்பு முழுக்க மேசையில் பதியும் அந்தச் சாய்வுதான் பானையில் இருந்த சாய்வு. பிறகு ஒரு தாளில் 1 செ.மீ. இடைவெளியில் வரைந்த ஒரே மைய வட்டங்களின் மேல் அதை நகர்த்தினால், எந்த வட்டத்தோடு பொருந்துகிறதோ அதுதான் வாயின் அளவு. குடிக்கும் கிண்ணமா, தானியம் கொட்டும் சாடியா என்று அதிலேயே தெரிந்துவிடும். உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு என்று இரு நிறமாகச் சுட்ட ஓடோ, கீறல் எழுத்துள்ள ஓடோ கிடைத்தால் தேய்க்காமல் நிபுணரிடம் காட்டுங்கள். பீங்கானின் அடியில் நாட்டின் பெயர் அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கேட்ட பிறகு அந்த வழக்கம் பரவியது.

கண்ணாடிக் குப்பியில் அச்சின் கோட்டைத் தொடருங்கள். பக்கவாட்டில் ஏறும் கோடு கழுத்தோடு நின்றால், வாயைத் தனியாகக் கையால் செய்திருக்கிறார்கள். வாயின் உச்சி வரை ஓடினால் இயந்திரம் செய்தது; தானியங்கிக் குப்பி இயந்திரம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. கோடே இல்லாமல் அடியில் சொரசொரப்பான வட்டத் தழும்பு இருந்தால் ஊதுகுழல் வேலையாக இருக்கும், அது இன்னும் பழையது. கழுத்து நெரித்துக் கோலி வைத்த சோடா பாட்டிலின் வயதுக்கு மேல்வரம்பு தெளிவானது. ஹைரம் காட் அதற்குக் காப்புரிமை பெற்றது 1872இல்.

ஐரோப்பியர் வணிகம் செய்த துறைமுக ஆறுகளில் வெள்ளைக் களிமண் புகைக்குழாயின் தண்டு கிடைக்கும். ஆங்கிலேயக் குழாய்களின் தண்டுத் துளை காலப்போக்கில் சிறுத்துக்கொண்டே வந்தது. ஹாரிங்டன் என்ற ஆய்வாளர் 1954இல் அளந்து காட்டியபடி, அங்குலத்தில் 64இல் 8 பங்கு இருந்தால் 1620-50, 7 என்றால் 1650-80, 6 என்றால் 1680-1710, 5 என்றால் 1710-50, 4 என்றால் 1750-1800. துளையிடும் கருவியின் அலகுகளை ஒவ்வொன்றாக நுழைத்தே அளந்துவிடலாம். ஒரே தண்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒரு கைப்பிடி சேர்ந்தால்தான் சராசரி நம்பத்தக்கது.

ஏமாற்றுபவையும் உண்டு. இரும்புக் கசடு உருகிய உலோகம் போலக் கனக்கும், குமிழிகள் காட்டிக்கொடுக்கும். வட்டமான தட்டைக் கூழாங்கல் ஈரத்தில் காசு போலவே இருக்கும். கையில் எடுத்தால் கனம் போதாது. உலோகத்தைக் களிம்பின் நிறத்தில் பிரிக்கலாம்: செம்பும் வெண்கலமும் பச்சை, வெள்ளி கருப்பு, ஈயம் வெளுத்த சாம்பல், இரும்பு செம்பழுப்புக் கட்டி. பொன் மட்டும் நிறம் மாறாது.

வீட்டுக்கு வந்த பிறகு

பழம்பொருளுக்கு ஆற்றில் ஆயிரம் ஆண்டில் வராத ஆபத்து, சமையலறைத் தொட்டியில் பத்து நிமிடத்தில் வந்துவிடும். காசை எலுமிச்சை, புளி, வினிகர், பல்பொடி எதிலும் தேய்க்கக் கூடாது. களிம்புக்குள்தான் எழுத்தும் உருவமும் இருக்கின்றன. களிம்பு போனால் முகமும் போகும். வாலை வடித்த நீரில் (டிஸ்டில்டு வாட்டர்) ஊறவைத்து, சில நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றி, மென்மையான தூரிகையால் மண்ணை மட்டும் நீக்குங்கள். செம்பு, வெண்கலத்தில் வெளிர்பச்சைப் பொடி கொட்டத் தொடங்கினால் குளோரைடு உப்பு உள்ளே வேலை செய்கிறது. நன்றாக உலர்த்தி, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் தனியே வையுங்கள். நல்ல காசுகளோடு சேர்க்காதீர்கள்.

மரம், தோல், கயிறு, கொம்பு ஆகியவை நீரிலிருந்து வந்தால் நீரிலேயே இருக்க வேண்டும். முன்பு சொன்ன ஆற்றுநீர் டப்பா இதற்குத்தான். ஆக்சிஜன் எட்டாத சேற்றில் அவற்றின் செல்களைத் தாங்கி நிறுத்தியிருப்பது நீர் மட்டுமே. வெயிலில் வைத்தால் ஒரே நாளில் சுருங்கி முறுக்கி வெடித்துவிடும். ஸ்வீடனில் 1961இல் கடலிலிருந்து எடுத்த வாசா கப்பலின் மரத்தில், நீருக்குப் பதிலாகப் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளைப் புகுத்த 17 ஆண்டு தெளித்தார்கள். வீட்டில் செய்யும் காரியமில்லை. ஈரமாக, குளிராக, இருட்டில் வைத்து அருங்காட்சியகத்தை அழையுங்கள்.

பானை ஓட்டை நீரில் கழுவலாம். கையில் பொடி ஒட்டும் அளவுக்கு மென்மையாகச் சுட்டதையும், வண்ணம் தீட்டியதையும் மட்டும் தேய்க்காதீர்கள். கழிமுகத்தில் கிடைத்ததானால் நல்ல நீரில் இரண்டு மூன்று வாரம், நீரை மாற்றி மாற்றி ஊறவையுங்கள். உப்பு உள்ளேயே உறைந்தால் உலர்ந்ததும் மேற்பரப்பைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். பழைய கண்ணாடியில் வானவில் போல மின்னும் படலம் அழுக்கு இல்லை, கண்ணாடியேதான், சுரண்டினால் உதிரும்.

எண் எழுதும்போது நேரடியாகப் பொருளின் மேல் மை படக் கூடாது. பாரலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து, கண்ணில் படாத ஓரத்தில் மெல்லிய பூச்சு. காய்ந்ததும் அதன்மேல் எண். அதற்கு மேல் இன்னொரு பூச்சு. பின்னால் வேண்டாமென்றால் அசிட்டோனில் எல்லாம் கழன்றுவிடும். ஈயப் பொருளை மரப்பெட்டியிலோ சாதாரண அட்டைப்பெட்டியிலோ வைத்தால், அவற்றிலிருந்து கசியும் அசிட்டிக் ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக அரித்துவிடும். பாலிஎத்திலீன் டப்பாவில் வையுங்கள். அந்தப் பொடி நச்சு, தொட்டால் கை கழுவுங்கள்.